சேலத்து இரும்பும் ஒரு சிட்டிகை மாங்கனீசும்

பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். மணலில் அதை இழுத்துப் பார்த்தால் கரிய துகள்கள் மீசைபோல் ஒட்டிக்கொண்டு வரும். அவை மேக்னடைட் என்னும் இரும்புத் தாது. சேலம் கஞ்சமலையில் பாறையாகக் கிடப்பதும் இதே தாதுதான். அதைப் பொடித்து, கரியோடு களிமண் உலையில் இட்டு, தோல் துருத்தியால் ஊதி நம் ஊர் உருக்காளர்கள் பல தலைமுறைகளாக இரும்பு எடுத்து வந்தார்கள்.

இதைக் கண்டு ஆசைப்பட்டவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, சேலத்துத் தாதுவை நம்பி 1830இல் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். ஆலையில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் நஷ்டமே. ஆனால் நம் எஃகுமுறையை அவர் உன்னிப்பாகக் கவனித்து 1839இல் எழுதிவைத்தார். இரும்புத் துண்டுகளை ஆவாரஞ் சுள்ளிகளோடு சிறு மூசையில் இடுவார்கள்; மேலே எருக்கிலை; வாயைக் களிமண்ணால் பூசிவிடுவார்கள். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஊதினால் உள்ளே எஃகுக் கட்டி! செய்தவர்களின் பெயர் மட்டும் எங்கும் பதிவாகவில்லை.

அதே 1839இல் ஹீத் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை பெற்றார். உருகிய எஃகில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு மாங்கனீசுக் கார்பைடு சேர்ப்பதே அது. அதன் பயன் என்ன? பிரிட்டிஷ் இரும்பில் கந்தகம் உண்டு. அது இரும்போடு கூடிய சல்பைடு, செந்தழல் சூட்டிலேயே மணிகளுக்கிடையே உருகிவிடும். சம்மட்டி பட்டதும் எஃகு வெடிக்கும். மாங்கனீசு கந்தகத்தைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. மாங்கனீசு சல்பைடு உருக ஏறத்தாழ 1600 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

குரோமியம் 24, மாங்கனீசு 25, இரும்பு 26. இடைநிலைத் தனிம வரிசையில் இவை அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். அணுக்களின் பருமனும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று எளிதில் அமர்ந்துகொள்ளும். (வேதியியல் ஆசிரியர்கள் என் அத்துமீறலை மன்னிப்பார்களாக!)

ஹீத்துக்குப் பலன் கிட்டவில்லை. மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் மூசையில் இட்டாலே போதும், செலவு குறையும் என்று அவரே தம் முகவர் அன்வினிடம் சொன்னார். அன்வின் அதைப் பிடித்துக்கொண்டார். நான் கார்பைடைச் சேர்க்கவில்லை, அது மூசைக்குள் தானாக உண்டாகிறது. ஆகவே உரிமைப் பணம் தரவேண்டியதில்லை என்றார். பல ஆண்டுகள் நடந்த வழக்கில் 1855இல் பிரபுக்கள் சபை ஹீத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. வெளியே செய்து போட்டதா, உள்ளே உண்டானதா என்ற பேதம் வழக்குமன்றத்துக்குத்தான் உண்டு. எஃகுக்கு இல்லை என்பது என் கட்சி.

பெசன்ட் நகர் வீடுகளின் சன்னல் கம்பிகளிலும் சிறிதளவு மாங்கனீசு இருக்கிறது. ஆனால் கடலின் உப்புக் காற்று அவற்றை அரித்துவிடுகிறது. துருவைத் தடுக்க மாங்கனீசால் ஆகாது. நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் வேண்டும். அதன் தாதுவான குரோமைட்டும் சேலத்தில் இருக்கிறது, கஞ்சமலைக்குச் சற்றுத் தொலைவில்.