திருப்பிப் பார்

செய்யூர் ஏரிக்கரையில் என் பெரியம்மாவோடு கீழாநெல்லி பறித்தவன் நான். மழைக்குப் பின் முழ உயரத்தில் எங்கும் முளைத்துக் கிடக்கும். ஆனால் கண்டதையெல்லாம் பிடுங்க விடமாட்டாள். "மேலே என்னடா பாக்குறே? திருப்பிப் பாரு!" என்பாள். இலை வரிசைக்கு அடியில் கடுகு போலக் காய்கள் அணிவகுத்திருந்தால்தான் செடி அவள் மடிக்கு வரும். வேரோடு அலசி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கினால் காமாலைக்கு மருந்து.

இந்த வரப்புச் செடி 1988-இல் உலக மேடை ஏறியது. சென்னையில் தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் புளூம்பெர்கும், சகாக்களும் 'ஹெபடைட்டிஸ் பி' கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெற்றுக் குளிகை உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 'லான்செட்' பத்திரிகை இதை வெளியிட்டது. முந்தின வருஷத்துக் கட்டுரையில் செடிக்கு இட்ட 'நிரூரி' என்ற பெயர் அமெரிக்கக் கண்டத்துச் செடி ஒன்றுக்கு உரியது. இம்முறை 'அமாரஸ்' என்று திருத்தமாக எழுதினார்கள். ஆனால், பிற தேசங்களில் பின்னால் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

பெரியம்மாவின் கையால் மருந்துண்டு தேறியவர்கள் பலர். அநேகக் காமாலைகள் தாமாகவே இறங்கிவிடும் என்பதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் சொந்தப் பிள்ளைக்குக் கண் மஞ்சளித்து, மூன்றாம் நாள் பேச்சுக் குழறியபோது, அம்மியை விட்டு எழுந்தாள். "செடி நல்ல செடிதான். இது வேற காமாலை. வண்டி பிடிடா, ஆஸ்பத்திரிக்கு!" என்றாள்.

அண்ணன் பிழைத்தான். மறுமழைக்கு அவளோடு மறுபடியும் ஏரிக்கரைக்குப் போனேன்.