பெயரில் சுருங்கிய ஆண்டு: மேலூர் வட்டார ஆவணங்களின் காலக்கணிப்பு

மேலூர் உள்ளிட்ட மதுரை நாயக்கர் ஆட்சிப் பகுதியின் ஆவணங்களைக் காலவரிசைப்படுத்துவதில் அறுபதாண்டுச் சுழற்சி பெருஞ்சிக்கலாகும். சக ஆண்டின்றிப் ‘பிரபவ’ என மட்டும் குறிக்கப்பெறின், அது 1567, 1627, 1687 ஆகியவற்றுள் எதில் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம். பிழைபட்ட கணிப்பு ஒரு நிலக்கொடையின் உரிமை வரலாற்றையே இரு தலைமுறை முன்பின்னாக்கிவிடும்.

கணினி நிரல்மொழிகளும் இச்சிக்கலை எதிர்கொண்டன. போசிக்ஸ் நெறி, ஈரிலக்க ஆண்டுகளில் 69 முதல் 99 வரையுள்ளவற்றை 1969–1999 எனவும், 00 முதல் 68 வரையுள்ளவற்றை 2000–2068 எனவும் கொள்கிறது. அவ்வெல்லை உடன்பாட்டால் அமைந்தது, சான்றால் அன்று.

ஆவணத்தில் திருமலை நாயக்கர் (1623–1659) பெயர் காணப்படின், ஆட்சிக்காலம் அறுபதாண்டிற்குக் குறைவாதலின் 1627 மட்டுமே பொருந்தும். அரசர் பெயரும் அற்றவிடத்துத் திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றின் பொருத்தத்தை ஆராயாது ஓராண்டைத் துணிதல், நிரலின் உடன்பாட்டை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதை ஒக்கும்.