புள்ளி பிறழாத பதிப்புப் பணி

ஹதீஸ் அறிவிப்பாளரின் பெயரில் புள்ளி பிறழ்ந்தால் ஆளே மாறிவிடுவார். புள்ளிகளை நீக்கினால் 'பஷ்ஷார்', 'யஸார்' இரண்டும் அரபி எழுத்தில் ஒரே வடிவமே. நம்பகமானவர் பலவீனராகவும், பலவீனர் நம்பகமானவராகவும் கருதப்பட இதுவே வழியாகிவிடும்.

1888இல் ஹைதராபாத்தில் நிறுவப்பெற்ற தாயிரத்துல் மஆரிஃப் இவ்வபாயத்தை உணர்ந்து செயல்பட்டது. அதன் அறிஞர்கள் கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டி ஒப்புநோக்கி, பாடபேதங்களை அடிக்குறிப்பில் பதிந்தனர். யமன் நாட்டு அறிஞர் அப்துர் ரஹ்மான் அல்முஅல்லிமீ அங்கு நெடுங்காலம் பிழைதிருத்தும் பணியாற்றினார். இப்னு அபீஹாத்திமின் 'அல்ஜர்ஹு வத்தஃதீல்' அவரது உழைப்பால் அச்சேறியது.

தனியொருவரின் புலமை எத்துணை உயர்ந்ததாயினும் கண் தவறக்கூடும். பலர் கூடிச் சரிபார்க்கும் அவையே அத்தவற்றைக் களையும். முன்னோர் அறிவிப்பாளரிடம் எதிர்பார்த்த கண்டிப்பைப் பதிப்பாளரிடமும் எதிர்பார்ப்பதே நீதியாகும். மூலப்பிரதியைப் பாராமலே மறு அச்சிடுவோர் இதனை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளனர்.