கல்கத்தா வீதியில் டயர் தேய்ந்த கதை

மழைக்காலத்தில் ராஷ்பிகாரி அவென்யூ வழியே மோட்டார் சைக்கிளில் சென்றிருப்பவர்களுக்கு, டிராம் தண்டவாளம் குறுக்கிடும் இடத்தில் ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்ட அனுபவம் இருக்கும். நனைந்த இரும்பின்மேல் சக்கரம் சாய்வாக ஏறினால், வண்டி தன் விருப்பப்படி போகுமேயன்றி ஓட்டுபவர் விருப்பப்படி போகாது. புது டயருக்கும் இந்த அபாயம் உண்டு. டயர் தேய்ந்திருந்தாலோ, தண்டவாளத்தைத் தாண்டிய பின்னும், நீர் தேங்கிய தார்ச்சாலை முழுவதும் அதே அபாயம் உடன்வரும். லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நம்மவர் இதனை அறியாதவரல்லர். அறிந்தும் நாம் டயரை மாற்றுவதில்லை. பட்டன் முற்றும் மறைந்து, உள்ளிருக்கும் நூல் வெளியே எட்டிப் பார்த்த பிறகுதான் கடைக்குப் போகிறோம். இவ்வழக்கத்தைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆயினும் அதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதி இந்த ஹூக்ளி நதிக்கரையிலேயே நடந்திருக்கிறது.

காற்றடைத்த சக்கரத்தை முதலில் எண்ணியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1845இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அதனை மறந்துவிட்டது. 1888இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கல்பாவிய வீதியில் அதிர்வதைப் பொறாது, அதே கருத்தைத் தாமாகவே கண்டடைந்தார். தொடக்ககால டயர்கள் நிறத்தில் வெளுத்தும் மேற்புறம் வழவழப்பாகவும் இருந்தன. வழுக்காமலிருக்கப் பள்ளங்கள் வெட்டியதும், தேய்மானத்தைக் குறைக்க ரப்பருடன் கரித்தூள் சேர்த்ததும் பின்னர் வந்த வழக்கங்கள். டயர் கறுப்பாக இருப்பது அக்கரித்தூளினால்தான்.

நம் நாட்டுக்கு அந்நாளில் டயர்கள் கப்பலில் வந்தன. 1926இல் டன்லப் நிறுவனத்தின் இந்தியக் கிளை தனி நிறுவனமாகப் பதிவாயிற்று. 1936இல் கல்கத்தாவுக்கு வடக்கே, பாண்டேலை அடுத்த சாகாகஞ்சில், அந்நிறுவனம் இந்தியாவின் முதல் டயர்த் தொழிற்சாலையைத் தொடங்கிற்று. இடத்தேர்வில் வியப்பில்லை. துறைமுகம் அருகில் இருந்தது. ரயில் பாதை இருந்தது. நிலக்கரிச் சுரங்கங்களும் தொலைவில் இல்லை. ரப்பர் மட்டும் அங்கே விளையவில்லை. அது விளைந்த இடம் நம் தென்னாடு, பெரும்பாலும் திருவிதாங்கூர்ச் சீமை. மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலில் வடித்த பால் வங்காளத்தில் சக்கரமாயிற்று என்று எண்ணும்போது, பிழைப்புக்காக இங்கு வந்த நமக்கு அந்த ரப்பரோடு ஓர் உறவு தோன்றாமலிராது!

தொழிற்சாலை வந்த ஆறாம் ஆண்டில் போர் கிழக்கு நோக்கித் திரும்பியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போகவே, நேச நாடுகள் நம்பியிருந்த ரப்பரில் பெரும்பகுதி ஒரு சில மாதங்களில் இல்லாமற் போயிற்று. இலங்கையும் தென்னிந்தியாவும் தந்தது போர்த் தேவைக்கே சென்றது. கல்கத்தா அப்போது படைகளின் பெரும் பாசறை. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியக் குண்டும் இந்நகரில் விழுந்தது. பொதுமக்களுக்கு டயர் என்பது அரசின் அனுமதியின்றிக் கிடைக்காத பொருளாயிற்று. தேய்ந்ததைத் தூக்கியெறிய எவருக்கும் மனம் வருமா? ஒட்டினார்கள்; தைத்தார்கள்; மேற்பட்டையைச் செதுக்கிப் புது ரப்பர் பதித்தார்கள். நூல் தெரியும் வரை ஓட்டும் பழக்கத்தை நாடு முழுவதிலும் வேரூன்றச் செய்தவை அந்த ஆண்டுகளே என்பது நம் கருத்து.

போர் முடிந்தும் பஞ்சம் முடியவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு நீடித்தது. பழைய டயருக்கு மேற்பட்டையிடும் தொழில் எவ்வளவு பெரிதாயிருந்தது என்பதற்குச் சென்னையே சான்று. 1946இல் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அந்த எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1952இல் மேற்பட்டை ரப்பர் செய்வதில் இறங்கியது. டயரே செய்யும் முயற்சியை அது மேற்கொண்டது 1961இல்தான். பழையதைப் புதுப்பிக்கும் பொருளை விற்றுத்தான் புதியதைச் செய்யும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். இதற்கிடையே 1959இல் டன்லப்பும் அம்பத்தூரில் ஓர் ஆலையைத் திறந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். லாரிக்குச் சரியான சிக்கனம் மோட்டார் சைக்கிளுக்குச் சரியாகாது. லாரியின் டயர் தட்டையானது, நிமிர்ந்தே உருள்வது. மோட்டார் சைக்கிள் டயரின் முகமோ வளைந்தது. வண்டி திரும்பும்போது சாய்கிறது. சாயும்போது நடுப்பகுதி விலகி, ஓரப்பகுதி தரையைப் பற்றுகிறது. ஆகவே அதன் வட்ட வடிவமே அதன் பாதுகாப்பு. 1955இல் சென்னையில் என்பீல்டு நிறுவனம் தொடங்கி, மோட்டார் சைக்கிள் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டும் பொருளாக மெல்ல மாறியபோது, லாரி வைத்திருந்தவர்களின் கணக்கையே நாம் அதற்கும் போட்டுவிட்டோம்.

தேய்ந்த டயரைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு நாட்குறிப்பு. ஹௌராவைத் தாண்டிப் பர்த்வான் நோக்கி நெடுஞ்சாலையில் நாள்தோறும் நேராக ஓடிய வண்டியின் பின்டயர் நடுவில் தட்டையாகிவிடும். அத்தகைய வண்டி வளைவில் முதலில் சாய மறுக்கும். பிறகு தட்டையின் விளிம்பைத் தாண்டியதும் திடீரெனச் சரியும். காற்று மிகுதியாக அடைத்தாலும் நடுவே தேயும். குறைவாக அடைத்தால் இரு ஓரங்களும் தேயும். முன்டயரின் கதை வேறு. பேருந்துக்கும் ரிக்ஷாவுக்கும் இடையே அடிக்கடி பிரேக் பிடிக்கும் நகரத்து வண்டியில், முன்டயரின் ஒவ்வொரு பட்டனும் ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் ரம்பப் பல்போல் ஆகும். கையால் ஒரு திசையில் தடவினால் வழுக்கும். எதிர்த்திசையில் தடவினால் உராயும். முன் ஷாக் அப்சார்பர் வலுவிழந்திருந்தால் இது இன்னும் விரைவில் நிகழும். ஓரிடத்தில் மட்டும் தட்டையாயிருந்தால், சக்கரம் சுழலாது இழுபட்ட ஒரு நாளின் தழும்பு அது.

வலப்பக்கம் மட்டும் தேய்வதைக் கண்டு சிலர் திகைப்பதுண்டு. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி, ஓரத்தைத் தாழ்த்திப் போடுகிறார்கள். நாம் செல்வது இடப்பக்கம். அங்கே தரை இடப்புறமாகச் சரிகிறது. வண்டி நிமிர்ந்து சென்றாலும் டயரின் வலத்தோள் தரையில் சற்று அழுந்துகிறது. சிறிதளவு வேறுபாடு இதனால் இயல்பு. பெரிதாயின் சக்கரம் நேராகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணத்தைத் திருத்தாமல் டயரை மட்டும் மாற்றினால் புதியதும் அப்படியே தேயும்.

மாற்றவேண்டிய காலம் எது? 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், இருசக்கர வண்டிக்குப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்றும், காருக்கு 1.6 மில்லிமீட்டர் என்றும் வரையறுத்தன. பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு மேடு வைத்திருப்பார்கள். பட்டன் அம்மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது என்று பொருள். கல்கத்தாவின் ஆடி மாதத்தை அறிந்தவர் அதுவரை காத்திருக்கமாட்டார். நீரை விலக்கி வழிவிடுவன அப்பள்ளங்களே. அவை ஆழமிழந்தால் சக்கரம் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கும். வழுக்கையான டயரில் சூட்டுக்கத்தியால் புதுப்பள்ளம் கீறித் தருவோரும் உண்டு. பார்வைக்குப் பள்ளம், உண்மையில் உள்நூலுக்கும் தரைக்கும் இடையிலிருந்த கொஞ்ச ரப்பரையும் சுரண்டிவிட்ட வேலை அது.

ஓடாமல் நின்றிருந்த டயரும் முதுமை அடைகிறது. வெயிலும் காற்றும் பட்டு ரப்பர் இறுகி, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் செய்யப்பட்ட டயர்களின் பக்கத்தில் நான்கு இலக்கங்களைப் பொறித்திருப்பார்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்தது. மல்லிக் பஜாரில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குமுன் விலைக்கு முன்னதாக இதனைக் கேட்பது நலம்.

சாகாகஞ்சு ஆலையின் பிற்காலம் துன்பமானது. உரிமை கைமாறிற்று, கதவு மூடித் திறந்து மீண்டும் மூடிற்று, 2011இல் வேலை நின்றது, பின்னர் நிறுவனத்தைக் கலைக்கக் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நம் சென்னையில் 1895இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் 1953இல் நின்றது. கல்கத்தாவிலோ 1902 முதல் ஓடிய மின்சார டிராமை, எஸ்பிளனேடு–மைதானப் பாதை தவிர எங்கும் நிறுத்துவதாக மாநில அரசு 2024இல் அறிவித்தது. டயருக்கு அனுமதி கேட்டு நின்ற காலம் போய்விட்டது. எந்தக் கடையிலும் இன்று கேட்ட அளவில் கிடைக்கிறது. நூல் தெரியும் வரை ஓட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஹௌராவுக்குப் படகேறும் துறைகளில் பழைய டயர்களை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பதை நாம் பார்த்திருப்போம். படகு வந்து மோதும் அதிர்ச்சியை அவை தாங்கிக்கொள்கின்றன. பள்ளம் இல்லாத வழுக்கை டயர்களே பெரும்பாலும். அங்கே அவற்றுக்கு இன்னும் பல ஆண்டு ஆயுள் இருக்கிறது.