புது மெம்பர் வந்திருக்காக - ஒரு சங்க வரலாறு

எங்க ஊர்ப்பக்கம் எந்த ஊருக்குள்ள நுழைஞ்சாலும் நகராட்சியோட 'நல்வரவு' பலகைக்கு முன்னாடியே கண்ணுல படுறது ரெண்டு சின்னம். ஒண்ணு பல்சக்கரம். இன்னொண்ணு ஆளுக்கு ஒரு பக்கமா திரும்பிப் பார்க்கிற ரெண்டு சிங்க முகம். ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் உண்டு, பத்துப் பதினோரு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்துலயும் உண்டு. சின்ன வயசுல அந்தச் சக்கரத்தை ஏதோ மில்லோட விளம்பரம்னு நினைச்சவங்க நிறைய பேர் இருப்பாங்க. (ராஜபாளையத்துல அப்படி நினைக்கிறது நியாயமும் கூட. தடுக்கி விழுந்தா ஒரு ஸ்பின்னிங் மில் வாசல்ல தான் விழணும்.)

அந்தச் சக்கரத்தைப் பத்தி பொறியியல் படிச்சவங்களுக்கு ஒரு துணுக்கு. முதல்ல அது வெறும் மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி தான் இருந்துச்சு. அப்புறம் பல் முளைச்சு 24 பல், ஆறு ஆரம்னு ஆச்சு. ஆனா நடுவுல அச்சோட பூட்டுறதுக்கான 'கீ-வே' இல்ல. கீ-வே இல்லாத சக்கரம் சும்மா சுத்துமே தவிர எதையும் சுத்த வைக்காது, வெட்டிச் சக்கரம்! 1920-கள்ல ஒரு எஞ்சினியர் இதைக் கவனிச்சு சண்டை போட்டு, நடுவுல அந்தக் காடியை வெட்ட வச்சார். பார்த்தா தெரியும், இன்னைக்கும் இருக்கு. நம்மாளுங்க எல்லா இடத்துலயும் பக் ரிப்போர்ட் போட்டுக்கிட்டு தான் இருந்திருக்காங்க :-)

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு சேவைச் சங்கம் புது ஆளை எப்படிச் சேர்த்துக்குது? பொன்னாடை, கைதட்டல், சட்டையில ஒரு பின், குரூப் போட்டோ, டிபன். இது வெளியில தெரியுறது. அதுக்கு முன்னாடி 'இவரைச் சேர்க்கலாமா வேண்டாமா'ன்னு கதவுக்குப் பின்னாடி ஒரு பேச்சு நடக்கும் பாருங்க, அதுல தான் சரித்திரம் இருக்கு.

1905. ஒரே வருஷத்துல, நாலு மாச இடைவெளியில, உலகத்தோட ரெண்டு மூலையில ரெண்டு சங்கம் பிறந்துச்சு.

பிப்ரவரி 23-ம் தேதி, சிகாகோ. பால் ஹாரிஸ்ங்கிற வக்கீல், கூட மூணு பேர். யூனிட்டி பில்டிங்னு ஒரு கட்டடத்துல 711-ம் நம்பர் அறையில கூடினாங்க. சின்ன ஊர்ல வளர்ந்து பெரிய நகரத்துக்குப் பிழைக்க வந்தவங்களுக்கு இருக்கிற தனிமை தான் காரணம். (பெங்களூர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நம்ம பசங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.) ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருத்தர் ஆபீஸ்ல சுழற்சி முறையில கூடுனதால ரோட்டரின்னு பேர். சேவைங்கிற எண்ணமெல்லாம் அப்ப கிடையாது. நட்பு, கொஞ்சம் வியாபாரம், அவ்வளவு தான். சேவை பின்னாடி தான் வந்துச்சு.

ஜூன் 12-ம் தேதி, புனா. கோபால கிருஷ்ண கோகலே 'இந்திய ஊழியர் சங்கம்' ஆரம்பிச்சார். இங்க கதையே வேற. சேர்றவங்க ஏழு உறுதிமொழி எடுக்கணும். நாடு தான் முதல்ல, சங்கம் தர்ற ஜீவனாம்சத்துல குடும்பத்தை ஓட்டிக்கணும், தனக்குன்னு காசு சம்பாதிக்கிறதுல சக்தியைச் செலவழிக்கக் கூடாது, சாதி மதம் பார்க்காம எல்லாரையும் சகோதரனா நினைக்கணும்... இப்படிப் போகுது. அதோட அஞ்சு வருஷம் பயிற்சி. நம்ம கம்பெனியில சேர்ந்த முதல் நாள் ஒரு பையும் காபி மக்கும் கொடுத்து 'ஆன்போர்டிங்' முடிஞ்சதுன்னு சொல்றாங்களே, அதோட இதை ஒப்பிட்டுப் பாருங்க! திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில தலைமையாசிரியரா இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி, அந்த வேலையை விட்டுட்டு 1907-ல இந்தச் சங்கத்துல போய்ச் சேர்ந்தார். நல்ல வேலை, நல்ல பேர். எல்லாத்தையும் விட்டுட்டு.

இப்ப தான் சுவாரசியமான இடம். 1915 ஜனவரியில தென்னாப்பிரிக்காவுல இருந்து திரும்பி வந்த ஒருத்தர் இந்தச் சங்கத்துல சேர விண்ணப்பம் போட்டார். பேரு மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

'ஆஹா வாங்க'ன்னு சொல்லியிருப்பாங்கன்னு தானே நினைக்கிறீங்க? சொல்லல. கோகலேவுக்கு ரொம்ப ஆசை. ஆனா மத்த உறுப்பினர்களுக்குத் தயக்கம். இவரோட கொள்கை வேற, வேலை செய்ற முறை வேற, நம்ம சங்கத்துக்கு ஒத்து வருமான்னு. நீங்க சேர்ந்தாலும் சேராட்டியும் உங்க ஆசிரமச் செலவை நான் பார்த்துக்கிறேன்னு கோகலே சொன்னார். ஆனா அடுத்த மாசமே, பிப்ரவரி 19-ம் தேதி, அவர் இறந்துட்டார். சாந்திநிகேதன்ல இருந்த காந்தி செய்தி கேட்டு புனா ஓடி வந்தார். கோகலே இல்லாத இடத்துல எப்படியாவது சேர்ந்துடணும்னு அவருக்கு இன்னும் வேகம்.

சங்கம் கூடிப் பேசுச்சு. ஒரு பிரிவு சேர்த்துக்கலாம்னு சொல்ல, இன்னொரு பிரிவு கூடவே கூடாதுன்னு நின்னுச்சு. முடிவெடுக்க முடியாம ஒத்தி வச்சாங்க. காந்தி பார்த்தார். ஓட்டெடுப்புல ஜெயிச்சு உள்ள போனா, எதிர்த்தவங்களோட தினம் எப்படி உட்கார்ந்து வேலை பார்க்கிறது? அது கோகலேவுக்குச் செய்ற விசுவாசமா? விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிட்டார். இதெல்லாம் யாரோ சொன்ன கிசுகிசு இல்ல, சத்திய சோதனையில அவரே எழுதினது. வாபஸ் வாங்கினதால தான் உண்மையில உறுப்பினர் ஆனேங்கிற அர்த்தத்துல சொல்றார். சங்கத்துத் தலைவரா கோகலேவுக்கு அடுத்து வந்தவர் நம்ம சீனிவாச சாஸ்திரி.

எனக்கு ரெண்டு தரப்பு மேலயும் மரியாதை தான் வருது. எதிர்த்தவங்க முகஸ்துதிக்காகத் தலையாட்டல. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஒத்து வராதுன்னு தோணுனதை நேர்ல சொன்னாங்க. இன்னைக்கு எந்தச் சங்கத்துலயாவது ஒரு பிரபலம் விண்ணப்பம் போட்டா இப்படி விவாதம் நடக்கும்னு நினைக்கிறீங்களா?

அந்த வருஷமே உறுப்பினர் சேர்க்கும் பிரச்சனை காந்தி வீட்டுக் கதவையே தட்டுச்சு. மே மாசம் அகமதாபாத் பக்கத்துல கோச்ரப்ல ஆசிரமம் ஆரம்பிச்சாச்சு. சில மாசத்துல ஒரு கடிதம். தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கி வைக்கப்பட்ட சமூகத்துல இருந்து ஒரு குடும்பம் ஆசிரமத்துல சேர விரும்புது, சேர்த்துப்பீங்களான்னு. எழுதினது அமிர்தலால் தக்கர், பின்னாளைய தக்கர் பாபா. அவர் யார் தெரியுமா? அதே இந்திய ஊழியர் சங்கத்து உறுப்பினர்! இன்னைக்கு சங்க பாஷையில சொன்னா அவர் தான் 'ஸ்பான்சர்'.

பம்பாயில ஆசிரியரா இருந்த தூதாபாய், மனைவி தானிபென், நடை பழகுற வயசுல லட்சுமி. மூணு பேரும் வந்தாங்க. பொன்னாடை எல்லாம் இல்ல. கிணத்துல தண்ணி இறைக்கிற ஆள், இவங்க வாளித் தண்ணி தன் மேல தெறிச்சா தீட்டுன்னு திட்ட ஆரம்பிச்சான். உதவி பண்ணிட்டிருந்த பணக்காரங்க காசை நிறுத்தினாங்க. ஆசிரமத்துக்குள்ளயும் முணுமுணுப்பு, கஸ்தூர்பா உட்பட. வீட்டுக்குள்ள நடந்த இந்தப் போராட்டத்தை காந்தி யாருக்கு கடிதமா எழுதினார்னு பாருங்க... சீனிவாச சாஸ்திரிக்கு. தன்னைச் சேர்த்துக்காத சங்கத்தோட தலைவருக்கு!

அடுத்த மாசத்துக்குக் கையில காசில்லைன்னு மகன்லால் சொன்னப்ப, சேரிக்கே குடி போயிடுவோம்னு காந்தி சொல்லிட்டார். ஒரு நாள் கார்ல வந்த ஒரு சேட், உள்ளகூட வராம 13,000 ரூபாயைக் கொடுத்துட்டுப் போயிட்டார். (அம்பாலால் சாராபாய்னு பின்னாடி பலர் எழுதினாங்க.) ஆசிரமம் பிழைச்சது. லட்சுமியை காந்தி தன் மகளாவே ஏத்துக்கிட்டார்.

இனி நம்ம ஊர். ரோட்டரி இந்தியாவுக்குள்ள வந்தது கல்கத்தா வழியா, 1920 ஜனவரி 1-ல பட்டயம். மெட்ராசுக்கு 1929-ல. அழைப்பு இருந்தா தான் உள்ள போகலாம். அதே 1920 டிசம்பர்ல நாக்பூர் காங்கிரஸ் நேரெதிரா ஒண்ணு செஞ்சது. 21 வயசு, வருஷத்துக்கு நாலணா, கொள்கைக்குச் சம்மதம். இருந்தா நீ உறுப்பினர். இந்த நாலணாக் கதவு வழியா தான் அரசியல் எங்க ஊர் மாதிரி இடங்களுக்கெல்லாம் வந்துச்சு. 1927-ல காந்தி கதருக்காக ராஜபாளையம் வந்தார். இந்த ஊர் காங்கிரஸ்காரர் பூ.ச. குமாரசாமி ராஜா 1949-லேர்ந்து 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சரா இருந்தார். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். இன்னைக்கும் ஊர்ல எந்தக் கூட்டம்னாலும் அந்தப் பேர் அடிபடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க இதைப் படிச்சிட்டு சண்டைக்கு வருவாங்க, அதனால சொல்லிடுறேன். அங்க 1875-லயே பென்னிங்டன் நூலகம் இருக்கு. சிகாகோவுல அந்த நாலு பேர் கூடுறதுக்கு 30 வருஷம் முன்னாடி! திருநெல்வேலி கலெக்டர் பேர்ல ஏன் இருக்குன்னா, அப்ப நாமெல்லாம் திருநெல்வேலி ஜில்லா. 1910-ல ராமநாதபுரம், 1985-ல இப்ப இருக்கிற விருதுநகர் மாவட்டம்.

ரோட்டரியில பல காலம் ஒரு விதி இருந்துச்சு. ஒரு தொழிலுக்கு ஒரு ஆள். ஒரே தொழில்காரங்க சேர்ந்தா போட்டி வரும்னு காரணம். சிகாகோவுக்குச் சரி. இதை எங்க ஊர்ல வச்சுப் பாருங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரே ஒரு பால்கோவாக் கடைக்காரர் தான் சேரலாம்னா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? ராஜபாளையத்துல ஒரே ஒரு மில்காரர்னா? அதுக்கும் வழி வச்சிருந்தாங்க. நூற்பு தனி, பஞ்சு அரைவை தனி, துணி வியாபாரம் தனின்னு தொழிலைப் பிரிச்சுக்கிட்டே போறது. 2001-ல இந்த விதியை நல்லாத் தளர்த்திட்டாங்க. வாராவாரம் வந்தே ஆகணும், வராட்டி வேற ஊர்ச் சங்கத்துல போய் வருகையை ஈடு கட்டணும்ங்கிற கெடுபிடியும் 2016-க்கு அப்புறம் குறைஞ்சது. இப்ப மாசத்துக்கு ரெண்டு கூட்டம் போதும்.

ஆனா ஒரு கதவு மட்டும் ரொம்ப நாள் சாத்தியே இருந்துச்சு. பெண்கள். உறுப்பினர் மனைவிக்கு 'ஆன்' னு பேர். 1914-ல ஹூஸ்டன் மாநாட்டுக்குப் போன ஒரு ரயில்ல வந்த ஒரே பெண்மணி பேரு ஆன், அதுலேர்ந்து எல்லா மனைவிகளுக்கும் அதே பேர். பிள்ளைங்க 'ஆனெட்'. 1977-ல கலிபோர்னியாவுல துவார்ட்டேன்னு ஒரு சின்ன ஊர்ச் சங்கம், ஆள் குறையுதேன்னு மூணு பெண்களைச் சேர்த்துச்சு. அடுத்த வருஷம் சங்கத்தையே தலைமை நீக்கிடுச்சு. அவங்க அசரல. 'முன்னாள் ரோட்டரி சங்கம்'னு பேர் வச்சுக்கிட்டு, பின்னுல ஒரு பெருக்கல் குறியைப் போட்டுக்கிட்டு கூட்டம் நடத்தினாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1987 மே 4-ல துவார்ட்டே பக்கம் தீர்ப்பு. அந்த வருஷமே சில்வியா விட்லாக் அங்க தலைவரானார். லயன்ஸும் 1987-லயே கதவைத் திறந்துச்சு. 1989-ல ரோட்டரி உலகம் முழுக்கத் திறந்தது. சர்வதேசத் தலைவரா ஒரு பெண் வர 2022 ஆச்சு - ஜெனிபர் ஜோன்ஸ்.

போன வருஷம் எங்க பக்கத்துல ஒரு சங்கத்துக் கூட்டத்துக்கு மாமா கூட போயிருந்தேன். மணி அடிச்சு ஆரம்பம், இறை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் வரிசையா. அன்னைக்குச் சேர்ந்த புது உறுப்பினர் ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும். இருபது வருஷமா அவங்க வீட்டுக்காரர் கூட வந்து முகாமுக்கெல்லாம் சமையல், டோக்கன், வரிசைன்னு பார்த்தவங்களாம். அறிமுகப்படுத்துன பெரியவர் பழக்க தோஷத்துல "நம்ம ஆன்..."னு ஆரம்பிச்சுட்டார். அந்த அம்மா மைக்கை வாங்கி, "அண்ணாச்சி, இன்னிக்கி நான் சந்தா கட்டிருக்கேன்"னாங்க. சிரிப்பு அடங்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. பின்னைக் குத்திவிட வந்த தலைவர் சேலையில எங்க குத்துறதுன்னு தெரியாம முழிக்க, அவங்களே வாங்கிக் குத்திக்கிட்டாங்க.

அடுத்து கண் சிகிச்சை முகாம் பேச்சு. இதுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1925-ல லயன்ஸ் மாநாட்டுல ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றவங்களுக்காக வேலை செய்யுங்கன்னு கேட்டார். லயன்ஸ் 1956-ல இந்தியா வந்துச்சு. 1976-ல டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில ஓய்வு பெற்ற பிறகு, மூட்டுவாதத்துல கோணிப்போன விரல்களோட மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் ஆரம்பிச்சார். இந்த ரெண்டும் நம்ம ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாக்கள்ல சந்திச்சுக்கிச்சு. டாக்டர், மருந்து, ஆபரேஷன் எல்லாம் ஆஸ்பத்திரி பொறுப்பு. இடம், நோட்டீஸ், ஆட்டோவுல மைக், சாப்பாடு எல்லாம் உள்ளூர்ச் சங்கம். புரை முத்தினவங்களை அன்னைக்கே பஸ்ல மதுரைக்குக் கூட்டிப் போய், ஆபரேஷன் முடிச்சு திரும்பக் கொண்டு வந்து விடுவாங்க.

கிராமத்துப் பாட்டிகள் பரிசோதனைக்கு வருவாங்க. ஆனா பஸ் ஏறச் சொன்னா பயந்து நின்னுடுவாங்களாம், துணைக்கு ஆள் இல்லாம. போன முறை அப்படியே ஏழெட்டு பேர் வீட்டுக்குத் திரும்பிட்டாங்கன்னு செயலாளர் வாசிச்சார். "இந்த தடவை பஸ்ல யார் போறது?"ன்னு கேட்டார். எல்லாரும் சாம்பார் வடையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. புது உறுப்பினர் தான் கை தூக்கினாங்க. "பஸ் எத்தனை மணிக்கு? ராத்திரி தங்கணும்னா வீட்ல சொல்லணும்" - இது தான் சங்கத்து உறுப்பினரா அவங்க பேசின முதல் பேச்சு.