அறுவடை இயந்திர வாடகை: இரண்டு ரசீதில் உண்மைக் கணக்கு

நெல் அறுவடை இயந்திரத்துக்கு மணிக் கணக்கில் வாடகை பேசுகிறோம். ஆனால் கடைசியில் கொடுக்கும் தொகையில் வண்டியைக் கொண்டுவரும் செலவு, ஓட்டுநர் படி போன்றவையும் சேர்ந்துவிடுகின்றன. மணி வாடகை எவ்வளவு, நிலையான செலவு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, ஒரே வண்டிக்கான இரண்டு ரசீதுகள் போதும்.

பள்ளிக் கணக்கில் இதை நேர்கோட்டுச் சமன்பாடு என்பார்கள்.

மொத்தச் செலவு = (சாய்வு × நேரம்) + வெட்டுத்துண்டு

ஒரு மணி நேரம் கூடினால் செலவு எவ்வளவு கூடுகிறதோ அது சாய்வு. நேரம் பூஜ்ஜியமாக இருந்தாலும் கொடுக்க வேண்டிய தொகை வெட்டுத்துண்டு.

கணக்கிடும் முறை

எடுத்துக்காட்டாக, 2 மணி நேரத்துக்கு ரூ.5,900, 5 மணி நேரத்துக்கு ரூ.13,100 கொடுத்ததாக வைத்துக்கொள்வோம்.

1. தொகை வித்தியாசம்: 13,100 – 5,900 = 7,200
2. நேர வித்தியாசம்: 5 – 2 = 3
3. சாய்வு: 7,200 ÷ 3 = 2,400. இதுவே உண்மையான மணி வாடகை.
4. வெட்டுத்துண்டு: 5,900 – (2 × 2,400) = 1,100. இது நிலையான செலவு.

இதன்படி 3 மணி நேரத்துக்கு ரூ.8,300 வர வேண்டும். அதைவிட அதிகம் கேட்டால், எதற்கு என்று விளக்கம் கேளுங்கள்.

எந்த வண்டி லாபம்?

வேறொருவர் நிலையான செலவு இல்லாமல் மணிக்கு ரூ.2,600 கேட்கிறார் என்றால், மணிக்கு ரூ.200 கூடுதல். 1,100 ÷ 200 = 5.5. ஐந்தரை மணி நேரத்துக்குக் குறைவான வேலைக்கு இவர் வண்டியும், அதற்கு மேல் போனால் முதல் வண்டியும் லாபம்.

பக்கத்து வயல்காரருடன் சேர்ந்தால்

தலா 2 மணி நேர வேலை உள்ள இருவர் முதல் வண்டியைத் தனித்தனியே அழைத்தால் ஆளுக்கு ரூ.5,900. ஒரே நடையில் முடித்தால் 4 மணி நேரத்துக்கு ரூ.10,700, அதாவது ஆளுக்கு ரூ.5,350. நிலையான செலவு பாதியாகிறது. சிறு விவசாயிகளுக்கு இது நல்ல மிச்சம்.

கவனிக்க வேண்டியவை

* ஒன்றரை மணி நேரத்தை 1.30 என்று போடக்கூடாது, 1.5 என்றே போட வேண்டும்.
* டயர் வண்டிக்கும் பெல்ட் வண்டிக்கும் வாடகை வேறு. இரண்டின் ரசீதுகளையும் கலக்காதீர்கள்.
* வயல் ஈரமாக இருந்தாலோ பயிர் படுத்துக் கிடந்தாலோ நேரம் கூடும். வண்டி வயலில் இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.