பதினேழு வளைவு, எத்தனை லிட்டர்?

உங்களிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசைப்படக் காசா, பணமா? சிவப்பு நிறம், இரண்டே சீட், வேண்டும்போது கூரையைத் திறந்துகொள்ளலாம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு போடிநாயக்கனூரில் நிற்கிறீர்கள். எதிரே மலை. முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். செகண்ட் கியர், தேர்டு கியர், மறுபடி செகண்ட்... எஞ்சின் பாடுகிறது. மேலே ஏற ஏறக் குளிர்காற்று முகத்தில் அடிக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, சொர்க்கம்தான்!

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன முள் கண்ணில் படும். பெட்ரோல் முள்.

இந்தச் சுகத்துக்கு இவ்வளவு பெட்ரோலா, கட்டுப்படியாகுமா? நான் படித்தது பி.காம். கேள்வி கேட்டால் கை தானாகக் கால்குலேட்டரைத் தேடும். போட்டுப் பார்த்துவிடுவோம்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுவது சுமார் 1,000 மீட்டர் உயரம். உங்களையும் சேர்த்துக் காரின் எடை ஒன்றரை டன். அதை அவ்வளவு உயரம் தூக்க வேண்டும். எரிகிற பெட்ரோலில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும், மீதி சூடாக வீணாகிவிடும். ஆக, தூக்குவதற்கு மட்டுமே கிட்டத்தட்ட 2 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 200 ரூபாய். இது மலை போடுகிற வரி. மகான் ஓட்டினாலும் தப்ப முடியாது. அதற்கு மேல் ஆகிற இரண்டு, மூன்று லிட்டர்தான் உங்கள் வலது காலின் குறும்பு. அதாவது சுகத்தின் விலை முன்னூறு ரூபாய்க்குள். குடும்பத்தோடு சினிமாவுக்குப் போனால் பாப்கார்னுக்கே போதாது!

வருஷக் கணக்கு? 5,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். உங்கள் கார் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தருகிறது, பக்கத்து வீட்டுக்காரரின் சாதுவான கார் 16 தருகிறது. வித்தியாசம் 31,250 ரூபாய். பெரிசாகத் தெரிகிறதா? கார் 60 லட்சம் என்றால், வருமான வரிக் கணக்குப்படி 15 சதவீதத் தேய்மானமே முதல் வருஷம் 9 லட்சம். ஷெட்டில் சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் காரின் விலை இறங்கும். பெட்ரோலுக்காகக் கவலைப்படுகிறவர், யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறவர்.

ஆனால் இந்தக் கணக்கு, கார் வைத்திருக்கிற உங்களுக்குத்தான். மலைக்கு வேறு கணக்கு. அதை அது நூறு வருஷத்துக்கும் மேலாகப் போட்டுக்கொண்டிருக்கிறது.

மேலே மூணாறு பக்கத்துத் தேயிலையைக் கீழே கொண்டுவர 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். இழுத்தது மாடு, எரிபொருள் புல்! 1908-ல் நீராவி ரயில் வந்தது. டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கோட்டகுடிக்கு ரோப்வே, அப்புறம் போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. நாலு வருஷம் கழித்து, 1928-ல், மதுரையிலிருந்து போடிக்கே ரயில் வந்தது. ஆனால் ரயில் எப்படி ஏலத்தோட்டத்துக்குள் போகும்? அங்கே கழுதை முதுகும் மனிதத் தலையும்தான் வாகனம்.

அதை மாற்றியது ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வண்டி. நாற்பதுகளின் கடைசியில் அதை பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தது மஹிந்திரா. பிற்பாடு அதில் வந்தது 'ஹரிக்கேன்' என்ற 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். டன் கணக்கில் எடையில்லாத வண்டி, சுமார் 75 குதிரைசக்தி, நாலு சக்கரமும் இழுக்கும். கதவு கிடையாது. கண்ணாடியை மடக்கி பானெட் மேல் சாய்த்துக்கொள்ளலாம். யோசித்துப் பாருங்கள், ஏலமலைக்கு இதைவிட நல்ல ஸ்போர்ட்ஸ் கார் ஏது?

பெட்ரோலைத்தான் தண்ணீர் மாதிரி குடித்தது. எஸ்டேட் கணக்கில் பெட்ரோல் போட்டவரை யாரும் கவலைப்படவில்லை.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகின. பீப்பாய் மூன்று டாலர் சொச்சத்துக்கு விற்ற கச்சா எண்ணெய், சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. நவம்பரில் வாஜ்பாய் பார்லிமென்டுக்கு மாட்டுவண்டியில் வந்து இறங்கினார், பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து. டெல்லியில் அது ஒருநாள் போராட்டம். பெட்ரோல் ஜீப்புக்கோ அதுதான் முடிவின் ஆரம்பம்.

ஜீப்புக்குள் டீசல் எஞ்சின் வந்தது. முதலில் டிராக்டர் எஞ்சின், எண்பதுகளில் பிரான்ஸின் பெஜோ எஞ்சின். தடதடவென்று சத்தம், கறுப்புப் புகை. வேகம்? அதை மறந்துவிடுங்கள். ஆனால் மைலேஜ் கூடுதல், டீசல் விலையும் குறைவு. அரசாங்கம் 2014 அக்டோபர் வரை டீசல் விலையைத் தன் கையில் வைத்திருந்தது (பெட்ரோலை 2010-லேயே அவிழ்த்துவிட்டது). மலையில் சுகம் தோற்றது, சிக்கனம் ஜெயித்தது.

ஜெயித்ததா?

தினமும் அதிகாலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். பெரும்பாலும் பெண்கள். மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு போவார்கள், சாயங்காலம் திரும்புவார்கள். போகவர 60 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிடைக்கிறது, டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 552 ரூபாய். அஞ்சு பேர் போனால் தலைக்கு 110. பதினைந்து பேரைத் திணித்தால் 37. இப்போது புரிகிறதா, ஜீப்பின் பின்னால் ஏன் ஆட்கள் தொங்குகிறார்கள் என்று? உங்கள் காரில் பெட்ரோல் செலவை ஒன்றால் வகுக்கிறோம். அங்கே பதினைந்தால். கூடுதல் ஆட்களோடு பள்ளத்தில் கவிழ்ந்த ஜீப்புகளின் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

இன்னொரு சிக்கனமும் உண்டு. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு வண்டியை உருட்டுவது. தயவுசெய்து உங்கள் காரில் அதைச் செய்யாதீர்கள். எஞ்சினின் பிடிப்பு போய், முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். இத்தனைக்கும் மிச்சம் ஒன்றுமில்லை. இன்றைய எஞ்சின்கள், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் கொஞ்சம் குடிக்கும்!

ஏலத்தை ஏலம் விடுகிற ஊர் இது. அந்த ஏலமும் மலை ஏறும், இறங்கும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு விளைச்சல் விழுந்து, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அன்றைய விலையில் ஒரு கிலோ ஏலக்காய்க்குத் தொண்ணூறு லிட்டருக்கு மேல் பெட்ரோல்! அந்த விலை நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

2020-ல் புது தார் வந்தபோது மஹிந்திரா அதில் டர்போ பெட்ரோல் எஞ்சினையும் கொடுத்தது. துரத்திவிட்ட பெட்ரோல், வார விடுமுறைப் பயணிகளோடு மலைக்குத் திரும்பிவிட்டது.

சரி, உங்கள் சிவப்பு கார் கிளம்பட்டும். மூன்றாவது, நாலாவது வளைவிலேயே முன்னால் ஒரு ஜீப் மாட்டும். முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்கும். முந்த இடம் கிடைக்காது. ஹாரன் அடிக்காதீர்கள். பின்படியில் கம்பியைப் பிடித்தபடி மூன்று பேர் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் பங்குக்கு இன்றைய டீசல், தலைக்கு முப்பத்தேழு ரூபாய்.